ஸ்பானிஷ் கிட்டார்: ஒலித்துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால்

நம் ஊர் மியூசிக் கடையில் போய் "ஸ்பானிஷ் கிட்டார் இருக்கா" என்று கேட்டால், பெரும்பாலும் எஃகுக் கம்பி பூட்டிய அகூஸ்டிக் கிட்டார் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை. இந்தியாவில் ஹவாயியன் கிட்டார் நல்ல புழக்கத்தில் இருந்த காலம் ஒன்று உண்டு. அதை மடியில் படுக்கவைத்து, இடது கையில் ஓர் எஃகுத் துண்டைப் பிடித்து, கம்பி மேல் வழுக்கிக்கொண்டே வாசிப்பார்கள். அதிலிருந்து பிரித்துச் சொல்ல, மார்போடு அணைத்து விரலால் அழுத்தி வாசிக்கிற எல்லாவற்றையும் "ஸ்பானிஷ்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆக, இங்கே அந்தப் பெயர் கிட்டாரைப் பிடிக்கிற விதத்தைச் சொல்கிறது. ஸ்பெயினில் கிட்டார் செய்கிறவருக்கோ அது செய்கிற விதத்தின் பெயர்.

இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு கிட்டாரையே கெடுத்திருக்கிறேன். காலேஜ் முதல் வருஷம், பழைய நைலான் கம்பி கிட்டார் ஒன்று மலிவாகக் கிடைத்தது. சத்தம் போதவில்லை என்று தோன்றியது. கடையில் கேட்டேன், எஃகுக் கம்பி மாட்டினால் நன்றாகக் கேட்கும் என்றார்கள், மாட்டினேன். நிஜமாகவே சத்தம் கூடியது. இரண்டு வாரத்தில் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை புடைத்துக்கொண்டு வந்தது (பிரிட்ஜ் என்பது வீணையில் குதிரை என்போமே, அது). அப்புறம் ஒரு ராத்திரி, யாரும் தொடாமலே, படார் என்று பிரிட்ஜ் பிய்ந்து வந்துவிட்டது, அடியில் ஒரு பிசிறு மரத்தையும் உரித்துக்கொண்டு. மறுநாள் ஒலித்துளை வழியாக டார்ச் அடித்து, ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். பலகையின் உட்புறத்தில் மெல்லிய மரக் குச்சிகள் பனையோலை விசிறியின் வரிகளைப் போல விரிந்து கிடந்தன. அன்றைக்குத்தான் இது வெறும் பெட்டி இல்லை என்று புரிய ஆரம்பித்தது.

இந்தக் கட்டுரை அந்த விசிறியைப் பற்றியது, அதைச் செய்கிறவர்களைப் பற்றியது. கிட்டார் வாசிக்கத் தெரிய வேண்டும் என்று அவசியமில்லை.

கம்பிக்குச் சத்தம் கிடையாது

இரண்டு ஆணிகளுக்கு நடுவில் ஒரு கம்பியை இறுக்கிக் கட்டிச் சுண்டிப் பாருங்கள். காதை அருகே வைத்தால்தான் கேட்கும். கம்பி அதிர்கிறது, ஆனால் அது ரொம்ப மெல்லிசு, காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறதே தவிரத் தள்ளுவதில்லை. விசிறியின் விளிம்பை முகத்துக்கு நேராக வைத்து வீசினால் காற்று வருமா? அதே விசிறியை அகலவாக்கில் திருப்பினால் வரும். கம்பிக்கும் அப்படி ஓர் அகலமான பரப்பு வேண்டும். கிட்டாரின் மேல்பலகை அதற்குத்தான் இருக்கிறது. கம்பியின் ஆட்டம் பிரிட்ஜ் வழியாக இறங்கி மேல்பலகையை ஆட்டுகிறது, மேல்பலகை காற்றை ஆட்டுகிறது, அது நம் காதுக்கு வருகிறது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. விரலால் ஒரு தடவை சுண்டினால் கம்பிக்குக் கிடைக்கிற சக்தி கொஞ்சம்தான். அதை வைத்துக்கொண்டு கனமான பலகையை ஆட்ட முடியாது, எனவே பலகை எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் அந்தப் பலகை மேல்தான் ஆறு கம்பிகளும் நாள் முழுக்க, வருஷம் முழுக்க இழுத்துக்கொண்டு நிற்கின்றன. நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கிற விசை ஏறக்குறைய 40 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ, அதைவிடக் கொஞ்சம் குறைவு. இதைத் தாங்குகிற ஸ்பானிஷ் கிட்டார் மேல்பலகையின் கனம் சுமார் 2 முதல் 2.5 மில்லிமீட்டர், மூன்று ஏடிஎம் கார்டுகளை அடுக்கினால் வரும் கனம். எஃகுக் கம்பிகள் என்றால் இழுவிசை 70 கிலோவைத் தொடும். என் பிரிட்ஜ் ஏன் பிய்ந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

மேல்பலகைக்குக் கீழே இருக்கிற குழிவும் சும்மா இல்லை. காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒரு சுரம் வருகிறதல்லவா, அதேபோல ஒலித்துளை உள்ள பெட்டிக்குள் அடைபட்ட காற்றுக்கும் சொந்தமாக ஒரு சுரம் உண்டு. அதற்குக் காற்று ஒத்ததிர்வு என்று பெயர், அதாவது தனக்கு இயல்பான வேகத்தில் தூண்டப்படும்போது காற்று கூடுதலாக அதிர்வது. கிட்டாரில் அது நொடிக்கு 100 தடவைக்கு அக்கம்பக்கமாக இருக்கும், தடித்த கம்பிகளின் கீழ்ச் சுரங்களுக்குக் கை கொடுக்கும்.

ஆக, கம்பி தூண்டுகிறது, மேல்பலகைதான் பாடுகிறது, பெட்டிக்குள் இருக்கும் காற்று கீழ்ச் சுரங்களைத் தாங்கிப் பிடிக்கிறது. கிட்டார் செய்கிறவரின் பெரிய கவலை ஒன்றுதான்: மேல்பலகை உடையவும் கூடாது, கனக்கவும் கூடாது.

விசிறி எதற்கு

தென்னை ஈர்க்கை வளைத்தால் வளையும், நீளவாக்கில் கிழித்தால் உடனே கிழியும். மரமும் அப்படித்தான். நார் ஓடுகிற திசையில் விறைப்பு அதிகம், குறுக்குத் திசையில் பல மடங்கு குறைவு. மேல்பலகைக்குப் பெரும்பாலும் எடுப்பது ஐரோப்பிய மலைகளில் குளிரில் மெதுவாக வளர்ந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். அது எடைக்கு மீறிய விறைப்பு உள்ள மரம். தண்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கேக் துண்டு போல வெட்டி எடுத்தால் வளர்ச்சி வளையங்கள் பலகையின் முகத்தில் நெருக்கமான நேர்கோடுகளாகத் தெரியும். அப்படி வெட்டிய ஒரு துண்டைப் புத்தகம் திறக்கிற மாதிரி இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒட்டி ஒரே பலகையாக்குவார்கள். இடது பாதியும் வலது பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம்.

பலகையை இன்னும் இன்னும் இழைத்து மெல்லிசாக்கினால் எடை குறையும், சரி. ஆனால் விறைப்பு அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறைந்துவிடும். கனத்தைப் பாதியாக்கினால் எடை பாதியாகும், விறைப்போ எட்டில் ஒரு பங்காகிவிடும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டே கைவினைஞர்கள் ஒரு தந்திரம் கண்டார்கள். பள்ளிக்கூடத்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கைவசத்தில் வளைத்தால் சுலபமாக வளையும், செங்குத்தாக நிறுத்தி வளைத்தால் அசையாது. பொருள் ஒன்றே, எடை ஒன்றே, உயரம் மட்டும் வேறு. அதனால் பலகையை மெல்லிசாக வைத்துக்கொண்டு, விறைப்பு தேவைப்படுகிற இடத்தில் மட்டும் உட்புறம் மெல்லிய மரக் குச்சிகளைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டினால் போதும். நம் தச்சர்கள் ரீப்பர் என்பார்களே, அதன் குட்டி வடிவம். ஸ்பானிஷ் கிட்டாரில் இவை ஒலித்துளைக்குக் கீழிருந்து அடிப்பக்கம் நோக்கி விரிந்து போவதால் விசிறிச் சட்டங்கள் என்று சொல்கிறார்கள். மேல்பலகையும் தட்டையாக இருப்பதில்லை, அப்பளம் போல மிக லேசாக மேல்நோக்கிக் குவிந்திருக்கும், அந்தக் குவிவும் இழுவிசையைத் தாங்க உதவுகிறது.

இந்தச் சட்டங்கள் எத்தனை, எவ்வளவு உயரம், எந்தக் கோணம் என்பதுதான் ஒருவர் செய்த கிட்டாருக்கும் இன்னொருவர் செய்ததற்கும் உள்ள பெரிய வித்தியாசம். உள்ளே எல்லாச் சட்டத்தையும் ஒட்டிய பிறகு பலகையை இரண்டு விரலால் தொங்கப் பிடித்து, மற்றக் கையால் தட்டிக் கேட்பார்கள். சட்டத்தின் தலையை உளியால் ஒரு சுருள் சீவுவார்கள், மறுபடி தட்டுவார்கள். மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோமே, அதே காதுதான். ஒரு வித்தியாசம், நமக்குப் பானை விரிசலா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும், அவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

அட்டையில் கிட்டார் செய்த தச்சர்

ஸ்பானிஷ் கிட்டார் என்று பேச ஆரம்பித்தாலே ஒரு பெயர் வரும்: அந்தோனியோ தெ டோரெஸ். 1817இல் ஸ்பெயினின் தென்கிழக்கில் அல்மேரியாவை ஒட்டிய ஓர் ஊரில் பிறந்தவர், தச்சு வேலை கற்றவர், பிறகு செவில் நகரத்துக்குப் போய் கிட்டார் செய்தவர். "விசிறிச் சட்டத்தைக் கண்டுபிடித்தவர் டோரெஸ்" என்று இணையத்தில் எங்கே பார்த்தாலும் எழுதியிருப்பார்கள், அது சரியில்லை. அவருக்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டில், செவிலில் பிரான்சிஸ்கோ சங்கினோவும் காடிஸ் நகரத்தில் ஹுவான் பஹேஸ், ஹோசே பெனெடித் போன்றவர்களும் விசிறிச் சட்டம் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

பின்னே டோரெஸ் என்ன செய்தார்? அங்கங்கே சிதறிக் கிடந்த யோசனைகளை ஒரே கருவியில் பொருந்த வைத்தார். உடலைப் பெரிதாக்கினார், முக்கியமாகப் பிரிட்ஜ் இருக்கிற அடிப்பகுதியை அகலப்படுத்தினார். மேல்பலகையை மெல்லிசாக்கிக் குவித்தார். பெரும்பாலும் ஏழு விசிறிச் சட்டங்கள், அவற்றின் வாலைக் கட்டிப்போடச் சாய்வாக இரண்டு சட்டங்கள். கம்பி அதிர்கிற நீளம் 650 மில்லிமீட்டர். இன்றைக்கு உலகத்தில் எந்த ஊரில் கிளாசிக்கல் கிட்டார் (நைலான் கம்பி பூட்டிய ஸ்பானிஷ் கிட்டாரின் இன்னொரு பெயர்) வாங்கினாலும் பெரும்பாலும் இந்த அளவுதான் இருக்கும்.

அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1862இல் ஒரு கிட்டாரின் பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையால் செய்தார். மேல்பலகை மட்டும் வழக்கமான மரம். அது பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேல்பலகைதான் ஒலியைத் தீர்மானிக்கிறது என்று வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல் செய்து காட்டியிருக்கிறார், அதுவும் ஆய்வுக்கூடமோ அளவுக்கருவியோ கையில் இல்லாமல், ஒரு தச்சர்.

இத்தனைக்கும் அவர் பணக்காரராகவில்லை. 1870ஐ ஒட்டி செவிலை விட்டு அல்மேரியாவுக்குத் திரும்பிப் பீங்கான் சாமான் கடை வைத்தார். சில வருஷங்கள் கழித்துத்தான் மறுபடி கிட்டார் செய்ய உட்கார்ந்தார், 1892இல் இறக்கும்வரை செய்தார். வயதான காலத்தில் அவருக்குத் துணையாக இருந்த பாதிரியார் ஹுவான் மார்த்தினெஸ் சிர்வெந்த் பிற்பாடு எழுதிவைத்த நினைவுக் குறிப்பில் ஒரு விஷயம் வருகிறது. உங்கள் ரகசியத்தைச் சாகும்போது கொண்டுபோய்விடாதீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, டோரெஸ் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் காட்டினாராம். பலகையை இழைக்கும்போது எங்கே போதும் என்று இந்த விரல் நுனிகள்தான் சொல்கின்றன, அதை யாருக்கும் எடுத்துக் கொடுக்க முடியாது என்ற பொருளில். அவரிடம் சீடர் என்று யாரும் தொழில் கற்றுத் தொடரவும் இல்லை.

சுருக்கமாக, விசிறி முன்பே இருந்தது, டோரெஸ் அதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தார், எதை எவ்வளவு சீவுவது என்பதை மட்டும் அவரால் எழுதிவைக்க முடியவில்லை.

முதலில் நிலை, அப்புறம் சுவர்

நம் பக்கம் வீடு கட்டும்போது பல இடங்களில் வாசல் நிலையை முதலில் நிறுத்தி, பூஜை போட்டு, அதை ஒட்டிச் சுவரை எழுப்புவார்கள். நிலையும் சுவரும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். சுவரைக் கட்டி முடித்துவிட்டு, விட்ட இடைவெளியில் கதவுச் சட்டத்தைக் கொண்டுவந்து பொருத்துவது இன்னொரு முறை. கிட்டாரிலும் இந்த இரண்டு வழியும் உண்டு. எஃகுக் கம்பி கிட்டார்களில் பெரும்பாலும் உடலைத் தனியாக, கழுத்தைத் தனியாகச் செய்து கடைசியில் இணைப்பார்கள். பாரம்பரிய ஸ்பானிஷ் முறையில் கழுத்துதான் நிலை.

கழுத்தின் அடிக்கட்டையில், உடலோடு சேர்கிற இடத்தில், இரண்டு பக்கமும் மெல்லிய பிளவு அறுத்து வைத்திருப்பார்கள். மேல்பலகையை முகம் கீழாக ஒரு பணிப்பலகை மேல் கிடத்துவார்கள். இந்தப் பணிப்பலகைக்கு சோலெரா என்று பெயர், நடுவில் லேசாகக் குழித்திருக்கும், மேல்பலகைக்கு அந்த அப்பளக் குவிவு இதிலிருந்துதான் வருகிறது. கழுத்தை மேல்பலகையோடு ஒட்டுவார்கள். பிறகு தண்ணீரில் நனைத்துச் சூடான இரும்பில் வளைத்த பக்கப் பலகைகளை அந்தப் பிளவுக்குள் சொருகி, மேல்பலகையின் ஓரத்தைச் சுற்றி நிறுத்துவார்கள். கடைசியில் முதுகுப் பலகை. கிட்டார் தலைகீழாகக் கிடந்தபடியே முழு உருவம் பெறுகிறது, பூட்டு ஆணி எதுவும் இல்லை. கழுத்தின் கோணத்தைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை, முதல் நாளே சரியாக இருந்தாக வேண்டும்.

மேல்பலகையும் பக்கப் பலகையும் சந்திக்கிற உள்மூலையில் விரல்நகம் அளவுக்குச் சின்னச் சின்ன மரத்துண்டுகளை வரிசையாக ஒட்டுவார்கள், ஒவ்வொன்றாக, கையால் சில நொடிகள் அழுத்திப் பிடித்து. இதற்கு விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த சூடான பசை வசதி, நம் பழைய தச்சர்கள் வச்சிரம் என்பது இதுதான், ஆறினவுடனே பிடித்துக்கொள்ளும். அந்தத் துண்டுகளுக்கு ஸ்பானிஷில் பெயர் பியோனெஸ், கூலியாட்கள் என்று பொருள், சதுரங்கக் காய்களில் சிப்பாயையும் அப்படித்தான் சொல்வார்கள். நம் ஆபீஸ் பியூன் போர்ச்சுக்கீசிய மொழி வழியாக வந்த சொல், இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

பூச்சிலும் நமக்கு ஓர் உறவு உண்டு. பழைய முறையில் கிட்டாருக்குப் பூசுவது அரக்கு, மரக்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் விடுகிற பிசின். உலகத்துக்கு அரக்கு கொடுக்கிற முக்கியமான நாடுகளில் இந்தியா ஒன்று. அதை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பந்தில் நனைத்து, மெல்லிய படலம் மேல் படலமாக வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். நம் தச்சர்கள் பிரெஞ்ச் பாலிஷ் என்பது இதைத்தான். அந்தத் துணிப் பந்தை ஸ்பானிஷில் பொம்மை என்று பொருள்படுகிற சொல்லால் அழைக்கிறார்கள். தடித்த பெயின்ட் போல மேல்பலகையை அமுக்காமல் மெல்லிசாக நிற்கும் என்பதால், ஸ்ப்ரே வந்த பிறகும் பலர் மேல்பலகைக்கு மட்டுமாவது இதை விடவில்லை.

மரத்தைப் பற்றிய பெருங்கதைகள்

"ரோஸ்வுட் போட்டால்தான் சத்தம்." இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்போம்! முதுகுக்கும் பக்கத்துக்கும் பிரேசில் ரோஸ்வுட்தான் உயர்ந்தது என்று நீண்ட காலம் நம்பினார்கள். 1992இல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை அந்த மரத்தின் வணிகத்தைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுத்தது. பிரேசில் மரம் அரிதாகத் தொடங்கியபோதே அந்த இடத்துக்கு வந்தது இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்தி, ஈட்டி மரம் என்று நாம் அறிந்ததே. ஸ்பெயினின் கிரனாடா நகரத்தில் செய்த கிட்டாரின் முதுகு நீலகிரிப் பக்கத்து மரமாக இருக்க வாய்ப்புண்டு. அதன் மேலும் கட்டுப்பாடுகள் வந்தன, 2017இல் அந்த மரப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் கண்காணிப்பில் வந்தது, 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது.

ஆனால் முதுகு மரம் ஒலியை எவ்வளவு மாற்றுகிறது? டோரெஸின் அட்டைக் கிட்டாரை ஏற்கெனவே பார்த்தோம். 2018இல் இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரத்தில் செய்த ஆறு கிட்டார்களை 52 பேரிடம் கொடுத்து, எது எந்த மரம் என்று தெரியாத நிலையில் வாசிக்கச் சொன்னார்கள். அவை எஃகுக் கம்பி கிட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவு மரத்துக்கும் வாசித்தவர்கள் கொடுத்த மதிப்பீட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. முதுகு மரம் ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. அதன் எடையும் விறைப்பும் கொஞ்சம் பேசத்தான் செய்யும். மேல்பலகையின் வேலைக்கு முன்னால் அது இரண்டாம் இடம்தான், அந்த இரண்டாம் இடத்துக்கு நாம் கொடுக்கிற விலை முதலிடத்துக்கான விலை என்பதில்தான் எனக்கு வருத்தம்.

ஃபிளமெங்கோ (தென் ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த இசை) கிட்டார் வேறு, கிளாசிக்கல் கிட்டார் வேறு என்பதும் பாதி உண்மை. இன்று ஃபிளமெங்கோவுக்குச் செய்வதில் முதுகு சைப்ரஸ் மரமாக இருக்கும், எடை குறைவு, கம்பிகள் தாழ்வாக ஓடும், விரலால் பலகையைத் தட்டி வாசிப்பதால் மேலே ஒரு காப்புத் தகடு ஒட்டியிருக்கும், ஒலி சட்டென்று வெடித்து அடங்கும். டோரெஸ் காலத்தில் இந்தப் பிரிவினை இத்தனை கறாராக இல்லை. சைப்ரஸ் உள்ளூரில் கிடைத்த மலிவு மரம், ரோஸ்வுட் கப்பலில் வந்த விலையுள்ள மரம், வாங்குகிறவர் கையில் இருந்த காசும் மரத்தைத் தீர்மானித்தது.

பட்டறைகள், தெருக்கள்

டோரெஸ் சீடர் வைக்கவில்லை என்றால் அவர் முறை எப்படிப் பரவியது? அவர் செய்த கிட்டார்கள் ஊர் ஊராகப் போயின. வாசிப்பவர்கள் கையில் இருந்த கருவி பழுதாகும், அதைத் திறந்து சரிசெய்கிற தச்சர் உள்ளே பார்ப்பார், அளவெடுப்பார். ஃபிரான்சிஸ்கோ தாரெகா என்ற பெரிய வாசிப்பாளர் 1864இல் டோரெஸ் செய்த ஒரு கிட்டாரை வைத்திருந்தார். அவருடைய மாணவர் மிகெல் யோபெத்திடம் 1859இல் செய்த ஒன்று இருந்தது. குரு இல்லாத இடத்தில் கருவியே குருவாக நின்றது.

மாட்ரிட்டில் கதை வேறு மாதிரி. ராமிரெஸ் சகோதரர்களில் மூத்தவர் ஹோசே, ஒரு பட்டறையில் தொழில் கற்றுத் தன் பட்டறையைத் தொடங்கினார், தம்பி மனுவேலுக்கும் சொல்லிக்கொடுத்தார். தம்பி பாரிஸுக்குப் போய்க் கடை வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மாட்ரிட்டிலேயே கடை வைத்ததில் இருவருக்கும் பேச்சு அறுந்தது. அண்ணன் பாட்டு விடுதிகளின் இரைச்சலில் கேட்கிற மாதிரி பெரிய உடல் கொண்ட கிட்டார்கள் செய்தார், தம்பி டோரெஸின் வழியில் போனார். மனுவேலின் பட்டறையில் வேலை பார்த்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: என்ரிகே கார்சியா, சாந்தோஸ் எர்னாந்தெஸ், தொமிங்கோ எஸ்தேசோ, மொதெஸ்தோ பொர்ரெகேரோ. ஒவ்வொருவரும் பிறகு தனித்தனியே பெரிய பெயர் எடுத்தார்கள். கார்சியா பார்சிலோனாவுக்குப் போய் அங்கே ஒரு கிளையைத் தொடங்கினார். 1912ஆம் ஆண்டுச் சீட்டு ஒட்டிய மனுவேல் ராமிரெஸ் கிட்டாரைத்தான் உலகப் புகழ்பெற்ற வாசிப்பாளர் ஆந்த்ரேஸ் செகோவியா ஏறக்குறைய கால் நூற்றாண்டு மேடைகளில் வாசித்தார். அதில் பெரும்பங்கு வேலை சாந்தோஸ் எர்னாந்தெஸுடையது என்று சொல்வார்கள். சீட்டில் முதலாளி பெயர், உள்ளே தொழிலாளியின் கை. பட்டறைத் தொழில் எங்கும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

அந்தக் கிட்டாரை ஜெர்மனியில் ஹெர்மன் ஹவுசர் என்பவர் பார்த்து அளவெடுத்தார், யோபெத்தின் டோரெஸ் கிட்டாரையும் பார்த்தார், வருஷக்கணக்காகச் செய்து செய்து பார்த்தார். 1937இல் அவர் செய்ததைக் கையில் வாங்கிய பிறகு செகோவியா மனுவேல் ராமிரெஸ் கிட்டாரை விட்டுவிட்டு அதை வாசிக்க ஆரம்பித்தார். இரண்டும் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆக ஸ்பானிஷ் முறை ஸ்பெயின்காரர்களுக்கு மட்டும் சொந்தமாக எப்போதோ இல்லாமல் போய்விட்டது.

கிரனாடாவில் அல்ஹம்ப்ரா கோட்டைக்கு ஏறுகிற கோமெரெஸ் சாலை என்ற சரிவான தெரு, கிட்டார் பட்டறைகளுக்குப் பேர்போனது. இந்த ஊரின் கதையில் ஒரு சுற்று இருக்கிறது. ஹோசே ராமிரெஸ் பட்டறையிலிருந்து பாரிஸுக்குப் போன ஹூலியான் கோமெஸ் ராமிரெஸ் என்பவரின் கடையில் ஓவியர் ஒருவர் அடிக்கடி போய் உட்கார்ந்து வேலையைக் கவனிப்பார். அவர் பெயர் ரொபேர் புஷே. 1946இல் தானாகவே ஒரு கிட்டார் செய்தார், பிறகு உலகப் பெயர் பெற்றார். பிரிட்ஜுக்கு அடியில் குறுக்கே ஒரு சட்டம் வைப்பது அவருடைய முத்திரை. 1970களில் அவர் கிரனாடாவுக்கு வந்து அந்தோனியோ மரின் மொந்தேரோவின் பட்டறையில் சேர்ந்து வேலை செய்தார், தெரிந்ததை மறைக்காமல் காட்டினார். மரின் வழியாக அந்த யோசனைகள் அந்த ஊரின் மற்றப் பட்டறைகளுக்கும் போயின. மாட்ரிட்டிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து கிரனாடா என்று அறிவு சுற்றி வந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்ததால்.

ஹோசே லூயிஸ் ரொமானியோஸையும் சொல்லாமல் விட முடியாது. மாட்ரிட்டில் பிறந்து இங்கிலாந்துக்குப் போன தச்சர், டோரெஸின் கிட்டார்களைத் தேடித் தேடி அளந்து, அவர் வாழ்க்கையையும் எழுதி, எல்லா அளவுகளையும் பொதுவில் வைத்தவர். கடைசிக் காலத்தில் ஸ்பெயினுக்கே திரும்பி, சிகுவென்சா என்ற சிறிய ஊரில் வகுப்புகள் நடத்தினார், பல நாடுகளிலிருந்து வந்து கற்றுக்கொண்டார்கள். 2022இல் மறைந்தார்.

கடையில் என்ன பார்ப்பது

நைலான் கம்பி கிட்டார் வாங்கப் போனால் ஒலித்துளையின் விளிம்பைக் கவனியுங்கள். மேலே தெரிகிற மரக்கோடுகள் விளிம்பின் கனத்திலும் தொடர்ந்து இறங்கினால் அது முழு மரம், கடையில் சாலிட் டாப் என்பார்கள். சாண்ட்விச் போல அடுக்குகள் தெரிந்தால் பிளைவுட். ஆரம்பத்தில் பழக பிளைவுட் போதும், கடற்கரை ஊர் ஈரக்காற்றையும் நன்றாகத் தாங்கும். முழு மரம் ஈரத்தில் குறுக்குவாக்கில் விரியும், வறட்சியில் சுருங்கும், எனவே மழைக்காலத்திலும் ஏசி அறையிலும் அதைப் பெட்டிக்குள் வைத்திருப்பது நல்லது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகையை ஓரக் கண்ணால் பாருங்கள், லேசான குவிவு இருந்தால் பயப்பட வேண்டாம், அது செய்யும்போதே வைத்தது. மொபைல் டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் கொண்டுபோனால் விசிறியையும் எண்ணிவிடலாம்.

எஃகுக் கம்பி மட்டும் மாட்டாதீர்கள். என் பழைய கிட்டாருக்குப் பிரிட்ஜை மறுபடி ஒட்டி நைலான் மாட்டி வருஷங்கள் ஆகின்றன. தினமும் வாசிக்கிறேன். பிரிட்ஜுக்குப் பின்னால் அந்தப் புடைப்பு இன்னும் முழுசாக இறங்கவில்லை.